எக்ஸ்ரேயில் தெரிந்த பாம்பு

கொரோனா ஓய்ந்து, ஊர் மறுபடியும் முகத்தைக் காட்டிக்கொண்டு நடமாடத் தொடங்கியிருந்த ஒரு பங்குனி மாதம். சங்கரன்கோவிலில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கென்று ஒரு சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்து, பணமும் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் எங்களிடம் சொன்னாள். சிங்கப்பூரில் ஏற்றி, மலேசியா, தாய்லாந்து என்று சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பவும் அங்கேயே இறக்கி விடுவார்களாம்.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதற்கும் விடை உண்டு, இல்லையென்றால் கேள்வி தப்பு என்று நினைக்கிற ரகம். என் கணவர் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் போனை வைத்த கையோடு தென்காசிக்குப் போய் வெள்ளைத் தொப்பி ஒன்றும் அரைக்கால் டவுசர் இரண்டும் வாங்கி வந்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் அவர் நடந்த நடையைப் பார்த்தால், கப்பல் கேப்டனே லீவு போட்டாலும் கவலையில்லை என்று தோன்றியது. வாழ்க்கை முழுவதும் ஒரே ரோட்டில் சைக்கிள் மிதித்த மனுஷன். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே எனக்கு ஆசையாக இருந்தது.

இடையில் வந்து நின்றது மெடிக்கல். எங்கள் வயதுக்காரர்கள் கப்பலில் ஏற வேண்டுமென்றால் ரத்தப் பரிசோதனை, இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுத்து, 'பயணத்துக்குத் தகுதியானவர்' என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று மகள் சொன்னாள். அதையும் கப்பல் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எடுக்க வேண்டுமாம். "கப்பல நாங்களா துடுப்பு போட்டுத் தள்ளப் போறோம்?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

கணவருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மத்தியானம் என் முறை. ரத்தம் சரி, இசிஜி சரி. எக்ஸ்ரே எடுக்கிற அறைக்குள் போனேன். உள்ளே ஒரே இருட்டு, ஏசி வேறு. வெளியே அவ்வளவு வெயிலில் இருந்து வந்தவளுக்குச் சட்டென்று உடம்பு சிலிர்த்தது. எக்ஸ்ரே எடுப்பவர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். செயினையும் பின்னையும் கழற்றச் சொன்னார். கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டு, பலகையைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். டக்கென்று ஒரு சத்தம்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"அம்மா, செயினக் கழத்திட்டீயளா?"

"அப்பவே கழத்திட்டேனே தம்பி."

"தாயத்து, கீயத்து?"

"நான் சர்ச்சுக்குப் போறவ. அதெல்லாம் கட்டுத வழக்கம் கிடையாது."

அவர் வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றார். மறுபடியும் பலகை, மறுபடியும் மூச்சு, மறுபடியும் டக். இந்தத் தடவை அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் கேட்காமலே போய்த் திரையைப் பார்த்தேன்.

என் விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. நடுவில் மங்கலாக இதயம். அதற்குப் பக்கத்தில், இடது நெஞ்சுக்குள், வெள்ளை வெளேரென்று ஒரு பாம்பு. விரல் நீளம் இருக்கும். வளைந்த உடம்பு, கூர்வால், விரிந்த படம். ஏதோ பாம்பு மாதிரி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சின்னப் பிள்ளைகூடப் பார்த்தவுடன் பாம்பு என்று சொல்லிவிடும்.

அதைவிட மோசம், அவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான். முதல் படத்தில் தலை நிமிர்ந்து இருந்தது. இரண்டாவது படத்தில் தலை சாய்ந்து, உடம்பு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. நகர்ந்திருக்கிறது.

அவர் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குரலைத் தணித்து, "கோயில்ல புத்து மண்ணு எதும் சாப்பிட்டீயளாம்மா?" என்று கேட்டார். எங்கள் ஊர்க் கோயிலில் புற்று மண் தருவார்கள். நோய் நொடி என்றால் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வார்கள். பாம்பு, தேள் பயம் இருப்பவர்கள் கடைவீதியில் தகட்டில் செய்த சின்ன உருக்களை வாங்கித் தலையைச் சுற்றி உண்டியலில் போடுவார்கள். பாம்புக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் என்னிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது? கோபம் வந்திருக்க வேண்டும். நானோ அந்த வாரம் என்னென்ன சாப்பிட்டேன் என்று நினைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

கையெழுத்துப் போட வேண்டிய டாக்டரம்மா அன்றைக்கு இல்லை. காலையில் வந்து பார்க்கச் சொன்னார்கள். ஆக, அதை உள்ளே வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

"மிஷின் கோளாறு" என்று கணவர் ஆட்டோவிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எனக்கு மட்டும் ஏன் ஒழுங்கா வேல செஞ்சது?" என்று கேட்டேன். அவர் ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொன்னார். வீட்டில் தண்ணீர் குடித்தேன். நெஞ்சுக்குள் இறங்கிய தண்ணீர் ஓரிடத்தில் எதையோ தொட்டுவிட்டுப் போவது போலிருந்தது. குனிந்தால் உள்ளே ஏதோ நெளிகிறது, நிமிர்ந்தால் சுருண்டுகொள்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்தால் அதுவும் என்னோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. சிரிக்காதீர்கள். நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. வேதப் புத்தகத்தைத் திறந்து சங்கீதம் வாசிக்க உட்கார்ந்தேன். ஏதேன் தோட்டத்துப் பாம்புதான் ஞாபகத்துக்கு வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி வந்தாள். அவள் தையல்காரி, என்னைவிட வயதில் சின்னவள். தெருவுக்கே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். என் கப்பல் பயணத்துக்காகப் புது பிளவுஸ்கள் தைத்ததும் அவள்தான். அவற்றில் ஒன்றைத்தான் அன்று போட்டிருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சரக்கா, இந்த பிளவுஸத் தொவச்சிராதீய. கப்பலு ஏறி எறங்குத வரைக்கும் அப்பப்ப போட்டுக்கிடுங்க" என்றாள்.

"ஏட்டி, இந்த வேக்காட்டுல தொவைக்காம எப்படிப் போட?" என்று எரிந்து விழுந்தேன். எக்ஸ்ரே விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தெருவே வந்து என் நெஞ்சைப் பார்க்கும். அவள் போகும்போது திரும்பி, என் இடது பக்கத்தையே ஒரு தரம் பார்த்தாள். இவளுக்கு எப்படித் தெரியும்?

மிஷின் கோளாறு என்று சொன்ன மனுஷன் அன்றைக்குக் கட்டிலில் கொஞ்சம் தள்ளியே படுத்தார். அதையும் நான் கவனித்தேன்.

காலையில் குளித்து, பழைய வெள்ளை பிளவுஸ் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். டாக்டரம்மா இரண்டு படங்களையும் பார்த்தார். பயந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. "துணியில ஏதாவது இருந்திருக்கும். இன்னொண்ணு எடுப்போம்" என்றார். மறுபடியும் அந்த இருட்டு அறை. எக்ஸ்ரேக்காரர் என்னைப் பார்க்காமலே பட்டனை அழுத்தினார். பிறகு, "அம்மா... காணோம்" என்றார்.

பாம்பு போய்விட்டது. விலா எலும்பு, இதயம், அவ்வளவுதான். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ, அப்படியென்றால் அது எங்கே போனது என்றுதான் இருந்தது. கணவர் மட்டும் குஷியாகிவிட்டார். "நான் சொன்னேன்லா? கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று டாக்டரம்மாவின் மேஜைக்கே போய்விட்டார்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தவர், என்ன தோன்றியதோ, பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். முதல் படத்தில் பாம்பின் தலை இருந்த விலா எலும்பை எண்ணிக் கண்டுபிடித்து, புதிய படத்தில் அதே இடத்தில் விரலை வைத்தார். அங்கே ஒரு சின்னப் புகை. மிளகு அளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவும் அவர் காட்டிய பிறகு.

பேனாவை மூடி வைத்துவிட்டார். "கப்பலுக்கு இப்ப கையெழுத்துப் போட முடியாது. திருநெல்வேலில போய் சிடி ஸ்கேன் எடுத்துருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் எதிர்வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். என் வெள்ளை பிளவுஸைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அத எங்கக்கா?" என்றாள். கொடியில் கிடந்த புது பிளவுஸைக் காட்டினேன். அதற்குள் என் கணவர் எக்ஸ்ரே கதையை முழுக்கச் சொல்லிவிட்டார். பாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு எழுந்து பிளவுஸை எடுத்து, இடது பக்கத்து லைனிங்கைப் பிளேடால் பிரித்தாள். உள்ளேயிருந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது, கடைவீதியில் விற்கிற தகட்டுப் பாம்பு உரு. நெளிந்த உடம்பு, விரிந்த படம். வால் முனையில் மட்டும் ஒரு தையல் போட்டு விட்டிருக்கிறாள். ஆகவே தலை அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. புதுத் துணி உறுத்துகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

"கப்பலு பெருசுதான்க்கா. ஆனா கடல்ல பாம்பு கெடக்கும்லா? நம்ம ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டேன். தண்ணி படாம ஒங்க மேல கெடந்துட்டு, நீங்க நல்லபடியாத் திரும்பி வந்த பொறவு உண்டியல்ல போடலாம்னு இருந்தேன். சொன்னா நீங்க பிச்சு எறிஞ்சிருவீய."

எறிந்துதான் இருப்பேன். சந்தேகமே இல்லை. அன்றைக்கும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் உடம்புக்கு மேல், எனக்குத் தெரியாமல், உன் சாமியைக் கட்டிவிட நீ யார் என்று கேட்டேன். அவள் தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனாள்.

சிடி ஸ்கேனிலும் அதன் பிறகு செய்த சதைப் பரிசோதனையிலும் அந்த மிளகு, நுரையீரல் புற்றுநோயின் ஆரம்பம் என்று தெரிந்தது. எனக்கு இருமல் இல்லை, வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. அறுவை சிகிச்சை செய்து அந்தப் பகுதியை எடுத்தார்கள். கப்பல் புறப்பட்ட அன்று நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கணவர் அந்த வெள்ளைத் தொப்பியை ஏன் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை. அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அன்றுதான் நான் அழுதேன்.

பிறகொரு நாள் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். அந்தப் பாம்பு இல்லாமல் முதலிலேயே படம் சுத்தமாக வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பீர்களா என்று. அவர், "கண்டுபிடிச்சிருக்கணும். ஆனா டூர் போறவங்க படம்னு வேகமாப் பாத்திருப்பேன். அந்தத் தல இருந்த எடம்ங்கிறதால தான் அங்க உத்துப் பாத்தேன்" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. அசைந்துகொண்டே இருந்த ஒரு தகடு, அந்த நொடியில், சரியாக அந்த இடத்தில் ஏன் தலையை வைத்தது? கணக்கு டீச்சரான எனக்கு அதற்கு இன்றுவரை விடை தெரியாது. கேள்வி தப்பு என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நானே எதிர்வீட்டுக்குப் போனேன். அவளைக் கட்டிக்கொண்டு, உன் உருவைக் கொண்டுபோய் உண்டியலில் போடு, கோயில் வாசல் வரைக்கும் நானும் வருகிறேன் என்றேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "நீங்க இன்னும் கடலத் தாண்டலியேக்கா. நேந்தது அதுக்குத்தான" என்றாள். அந்தப் பாம்பு அவள் தையல் மிஷின் டிராயரில், பாபின்களோடு கிடக்கிறது. அவள் வேகமாக மிதிக்கும்போது உள்ளே அது தகரச் சத்தம் போடும். எங்கள் வீட்டுக் கூடம் வரைக்கும் கேட்கும். முதலில் காதைப் பொத்திக்கொள்வேன். இப்போது ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்காவிட்டால், அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

வருஷா வருஷம் ஸ்கேனுக்குப் போகிறேன். செயின், பின், கம்மல், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரி அங்கியோடுதான் உள்ளே போகிறேன். படம் எடுப்பவர் திரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், என் கை தானாக இடது நெஞ்சைத் தடவிப் பார்க்கிறது. "ஒண்ணும் இல்லம்மா" என்று அவர் சொல்லும்போது கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். கூடவே, காவலுக்கு இருந்த ஒன்று இல்லாமல் தனியாக நிற்கிற ஒரு பயமும் வந்து போகிறது, அதை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.