இரண்டாவது பேட்டரி

கல்யாணமான இரண்டாம் வருடம் நாங்கள் ஒரு வேனில் குடியிருந்தோம். அறுபதுகளின் நடுவில் அது. என் கணவருக்குக் கொல்லிமலையில் பாறை ஆய்வு வேலை. அலுமினியம் எடுக்கும் மண் எங்கெங்கே கிடக்கிறது என்று, அந்த மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதி ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக் குறிக்க வேண்டும். மலைமேல் தங்க வீடு கிடைக்கவில்லை என்று ஆபீஸில் ஒரு பழைய ஆம்புலன்ஸைக் கொடுத்துவிட்டார்கள். நோயாளி படுக்கும் பலகையை அகலமாக்கிக் கட்டில், எதிர்ப்பக்கம் ஸ்டவ் வைக்க ஒரு மேடை, மேப் விரிக்க ஒரு மடக்கு மேசை, அதற்கு மேல் ஒரு பல்பு. முன்சீட்டுக்கு எதிரே ஒரு வால்வு ரேடியோ. எல்லாம் வண்டியின் ஒரே பேட்டரியில் ஓடின.

டிரைவர் சேந்தமங்கலத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னை அம்மணி என்று கூப்பிடுவார். தினமும் காலையில் சாப்பிட்டதும் அவரும் என் கணவரும் சுத்தியலும் கோணிப்பையும் எடுத்துக்கொண்டு நடந்து போய்விடுவார்கள். திரும்பிவர நாலு மணி ஆகும்.

நான் மதுரையில் பதினோரு பேர் இருந்த வீட்டில் வளர்ந்தவள். வளப்பூர் நாட்டில் எங்கள் வண்டி நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீடுகூட இல்லை. பலா மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும்தான். பத்து மணிக்குள் சமையல் முடிந்துவிடும். அப்புறம் முன்சீட்டில் போய் உட்கார்ந்து ரேடியோவைத் திருப்புவேன். இலங்கையிலிருந்து சினிமாப் பாட்டு வரும். பாட்டு முடிந்து யாராவது உரம் போடுவதைப் பற்றிப் பேசினாலும் கேட்பேன். மனிதக் குரலாக இருந்தால் போதும். அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவேன். ரேடியோ செய்திக்கு மட்டும்தான் என்று என் கணவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் வாரம் குண்டூர் நாட்டுக்கு இடம் மாற வேண்டிய காலையில் வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டரை இழுத்தால் ஒரு முனகல், அவ்வளவுதான். டிரைவர் இன்ஜினைக் கையால் சுற்றும் இரும்பு ஹேண்டிலை முன்னால் மாட்டிச் சுற்றினார். நாலாவது சுற்றில் இன்ஜின் எதிர்த்து உதைத்தது. ஹேண்டில் திரும்பி அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தது. கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் கணவருக்கு வந்த கோபத்தில் கை அடிபட்டதுகூடக் கண்ணில் படவில்லை.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தியிருக்க மாட்டீங்க. இல்லைன்னா எந்த லைட்டையோ அணைக்காம விட்டிருக்கீங்க."

"இல்லீங்க சார். எல்லாம் பாத்துத்தானுங்க வெச்சிருந்தேன்."

"பாத்து வெச்சா எப்படிச் செத்துப்போகும்? ஆபீஸுக்கு எழுதி வேற ஆளைக் கேக்கப் போறேன்."

நான் வண்டிக்குள் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வந்து வண்டியைச் சரிவில் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். குண்டூருக்குப் போகாமல் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு என் கணவரே ஓட்டினார். நடுவில் நான். ஓரத்தில், துண்டால் கையைக் கட்டித் தூக்கிப் பிடித்தபடி டிரைவர். ஒவ்வொரு வளைவிலும் "செகண்டு போடுங்க சார், ஆரன் அடிங்க சார்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தன்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறவருக்கு வழி சொல்லித் தந்துகொண்டிருந்தார்.

சேந்தமங்கலத்தில் கட்டுப் போடுகிறவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார். அங்கிருந்து நாமக்கல் போனோம். லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு பேட்டரிக் கடை. கடைக்காரர் சட்டை முழுக்க ஆசிட் தெறித்த ஓட்டைகள். எங்கள் பேட்டரியைத் திறந்து சோதித்தார்.

"தண்ணியெல்லாம் சரியா இருக்குதுங்க. சும்மா காலியாயிருக்குது."

"அப்ப இதைவிடப் பெரிய லாரி பேட்டரி ஒண்ணு கொடுங்க" என்றார் என் கணவர்.

"பெருசாப் போட்டாலும் இதே கதைதானுங்க. ஸ்டார்ட் பண்ற பேட்டரிக்குத் தகடு மெலிசு. ஒரே மூச்சுல நெறையக் குடுக்கும், வண்டி ஓடுனா உடனே ஏத்திக்கும். கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சிக் காலி பண்ணுனா தாங்காதுங்க. இஞ்சினுக்கு ஒண்ணு இருக்கட்டும், ஊட்டுக்குத் தனியா ஒண்ணு வெச்சுக்கோங்க."

ஊடு என்று அவர் சொன்னது எங்கள் வண்டியின் பின்பக்கத்தை.

இரண்டைக் காட்டினார். ஒன்று சிறியது. இன்னொன்று மரப்பெட்டிக்குள் இருந்தது. ரயில் பெட்டிகளில் விளக்கெரிக்க வைப்பதைப் போலத் தடித்த தகடு போட்டது. தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

"எதுன்னு நீங்கதானுங்க சொல்லோணும். என்னென்ன ஓடுது, நாளைக்கு எத்தன மணி நேரம்?"

"ஒரு பல்பு, ரெண்டு மணி நேரம். செய்தி கால் மணி நேரம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

"அதுக்குச் சின்னதே தாராளமுங்க. ஆனா அவ்வளவுதான்னா பழசு எப்படிங்க காலியாச்சு?"

என் கணவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தன் கைக்கட்டைப் பார்த்தார். சின்னதை வாங்கிக்கொண்டு மேலே போனால் ஒரே வாரத்தில் அதுவும் காலியாகும். அதற்கும் டிரைவர்தான் பேச்சு வாங்குவார்.

"ரேடியோ" என்றேன். "தினமும் நாலு மணி நேரம். சில நாள் அஞ்சு. நான்தான் வெச்சேன்."

கடைக்காரர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "வால்வு செட்டுங்களா? அப்ப பல்பைவிட அதுதானுங்க நெறைய இழுத்திருக்கும். இப்பத்தான் கணக்கு சரியா வருது."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றார் என் கணவர்.

"வேண்டாம்னுடுவீங்களோன்னு. பகல் முழுக்க அங்க ஒரு குரல் கிடையாதுங்க."

டிரைவர் தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரியுமுங்க சார். சாயங்காலம் செய்தி வெக்கறப்ப ரேடியோல ஸ்டேஷன் காட்டற முள்ளு வேற எடத்துல நிக்கும். அம்மணி ஒண்டியா இருக்கறாங்க, கேக்கட்டும்னு உட்டுட்டேன். பேட்டரி இத்தன வெரசாப் போகும்னு நெனைக்கலீங்க."

"காலையில நான் திட்டினப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"அதை எப்படீங்க நான் சொல்றது?"

என் கணவர் பெரியதையே சார்ஜுக்குப் போடச் சொன்னார். பிறகு மரப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார். டிரைவர் இடது கையை நீட்டியபடி வந்தபோது, "விடுங்க, உங்க கை முதல்ல சரியாகட்டும்" என்றார். டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் மீதியைச் சொன்னார். "ஆபீஸுக்கு ஒண்ணும் எழுதப் போறதில்லை. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பரவாயில்லீங்க சார்."

மூன்று வாரமாக எவ்வளவு பயந்திருந்தேன் என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. வெட்கத்தை விட்டு இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

புது பேட்டரி சார்ஜ் ஏற இரண்டு நாள் ஆனது. அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, வண்டி ஓடும்போது மட்டும் இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஏறும்படி ஒரு சுவிட்ச் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். குண்டூர் நாட்டில் ஐந்தாம் நாள் காலை என் கணவர் ஸ்டார்ட்டரை இழுத்தார். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. வெளியே நின்ற டிரைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அங்கே நான் கதவைத் திறந்து வைத்தே ரேடியோ கேட்டேன். சாமைக் காட்டில் வேலை செய்த இரண்டு பெண்கள் பாட்டுக் கேட்டு வந்து நின்றார்கள். மறுநாளும் வந்தார்கள். பேச்சு வளர்ந்த பிறகு ரேடியோவைப் போடவே பல நாள் மறந்துபோனது. மாதக் கடைசியில் என் கணவர் பேட்டரியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "சின்னதே போதுமாயிருந்திருக்கும் போல" என்றார்.

"இருந்துட்டுப் போகட்டுமுங்க சார்" என்றார் டிரைவர்.