மோட்டாரோடு நான் என்ன பேசினேன்?

ஒரத்தநாடு பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. அங்கே மோட்டார் பெட்டிக்குள் ஒரு சிம் உண்டு. என் போனிலிருந்து அழைத்தால் அது எடுக்கும். போனில் ஒரு பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும், நிற்கும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அழைப்பேன். இரண்டு மூன்று விநாடி வேலைதானே என்று, மாதம் இத்தனை நிமிடம் இலவசம் எனும் மலிவு ப்ளானை என் போனுக்குப் போட்டிருந்தேன்.

நாற்றங்காலில் முளைகட்டிய விதையைத் தெளித்து, லேசாகத் தண்ணீர் பாயட்டும் என்று மோட்டாரைப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு பட்டுக்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போனோம். அங்கிருந்து நிறுத்தப் பார்த்தால் அழைப்பு போகவில்லை. டவர் கோளாறு என்று நினைத்து அக்காவின் போனில் முயன்றேன். என் எண்ணைத் தவிர வேறு எதற்கும் மோட்டார் கட்டுப்படாது. பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது விதையெல்லாம் மிதந்து ஒரு மூலையில் குவிந்து கிடந்தது.

ரீசார்ஜ் கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "நிமிஷம் தீந்துபோச்சுங்க. ஒரு செகண்டு பேசினாலும் முழு நிமிஷமாத்தான் கழிப்பாங்க."

"மோட்டார்கிட்ட நான் என்னத்தைங்க பேசுறேன்?"

"கம்பெனிக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

மோட்டாருக்கென்று ப்ளானை விற்கும்போது மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது.

மறுபடி ரீசார்ஜ் செய்துவிட்டு, மெக்கானிக்கை வரவழைத்து, மோட்டார் பெட்டி அழைப்பை எடுக்காமல் மணி அடித்தாலே மோட்டார் ஓடவும் நிற்கவும் மாற்றிவிட்டேன். இப்போது மிஸ்டு கால்தான். அந்தக் கம்பெனி கழித்துக்கொள்ள என் மோட்டார் இனி ஒரு நொடிகூடத் தராது.