சூளைக்குப் போன வண்டி

விறகு காய்ந்ததா ஈரமா என்று தெரிந்துகொள்ள எனக்குக் கண்ணே வேண்டாம். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டச் சொல்லிக் காதைக் கொடுத்தால் போதும். காய்ந்தது டங்கென்று கேட்கும். ஈரம் தொப்பென்று விழும். விருத்தாசலத்தில் இன்று எனக்கு மரம் அறுக்கிற மில் இருக்கிறது, லாரி இரண்டு ஓடுகிறது. படித்தது மூன்றாம் வகுப்பு. என்னிடம் வேலை செய்கிறவர்களில் நாலு பேர் காலேஜுக்குப் போய்வந்தவர்கள், ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்து அதன் வயதைச் சொல்ல ஒருவனுக்கும் தெரியாது. பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் எவரும் தூக்கிக் கொடுத்து வந்ததில்லை.

என் முதல் வியாபாரம் பதினோரு வயதில் நடந்தது. பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல், ஒரு வண்டி விறகை நானே நின்று விற்றேன். இதைக் கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், பேங்க் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் வண்டி புறப்பட்ட இடத்தோடு நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னதில்லை.

மங்கலம்பேட்டை ரோட்டை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். பாதிக்கு முந்திரி, மீதிக்கு மழை பெய்தால் மல்லாட்டை, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதில் வயிறு நிறையாது என்பதால் அப்பா விறகும் போட்டார். முந்திரியைக் கழித்த கிளை, வேலியில் வளர்ந்த கருவேலம், அக்கம்பக்கத்தில் பட்டுப்போன மரம் எதுவானாலும் பேசி வாங்கி, வெட்டி, பிளந்து, காயவைத்து, டவுன் எல்லையில் இருந்த ஒரு சின்னச் சூளைக்குப் போடுவார். ஊறுகாய் ஜாடியும் கப்பும் பொம்மையும் சுடுகிற சூளை. அந்தக் காலத்தில் சூளையெல்லாம் விறகைத்தான் தின்றது.

எங்களிடம் வண்டி இல்லை. கீழத்தெரு வண்டிக்கார மாமாவிடம்தான் போய் நிற்க வேண்டும். மாமா என்றால் உறவில்லை, அப்படிக் கூப்பிடுவோம். அவர் இன்றைக்கு வரேன் என்பார், நாளை மறுநாள் வருவார். அதற்குள் மழை பெய்து விறகு நனைந்துவிடும். நனைந்த விறகைச் சூளையில் திருப்பி அனுப்புவார்கள். அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு வண்டி.

ஆசைப்பட்டால் பரவாயில்லை, அதற்கு மரம் சேர்த்தார். அதுதான் எங்கள் வீட்டைப் பிடித்த பீடை. ஒரு கருவேலம் வைரம் பாய்ந்திருந்தால் கோடாலியைக் கீழே வைத்துவிடுவார். இது சக்கரத்துக்கு ஆவும். ஒரு பூவரசு நேராக இருந்தால், இது நுகத்தடிக்கு. வளைந்த கட்டை ஒன்று கிடைத்தால் புதையல் கிடைத்த மாதிரி முகம் மலரும், சக்கரத்தின் வட்டைக்கு அந்த வளைவு வேண்டுமாம். குளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார். எடுத்துவந்து நிழலில் காயப்போடுவார். வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவார். நான் அரைப்பாவாடை கட்டிய நாளிலிருந்து அந்த மரம் அங்கே கிடந்தது.

எங்கே கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்ததே ஒரு பனையோலைக் கொட்டகைதான். அதற்குள் அப்பாவின் வண்டி மரம் சாமி மாதிரி நனையாமல் இருக்கும். விற்கிற விறகு வெளியே மழையில் கிடக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

"இந்த ஜென்மத்துல அது வண்டி ஆவப்போறதில்ல. எடுத்து வெளிய போட்டுட்டு வெறக உள்ள அடுக்குய்யா" என்பாள்.

"ஆவும், ஆவும்" என்பார் அப்பா. அந்த 'ஆவும்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசி அடைமழை. அப்பா ஒருநாள் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லூரு வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். எதற்கு என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒருநாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று, ஆளைக் காணோம். மூன்றாம் நாள் அம்மா நடவுக்குப் போய்விட்டாள். நான் வீட்டில் தனியாக இருந்தேன்.

மத்தியானம் சூளை மேஸ்திரி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. சூளையை மூட்டிவிட்டார்களாம். பாதி எரியும்போது விறகு போதாமல் போயிற்றாம், வந்ததெல்லாம் ஈரம். நெருப்பு தணிந்தால் உள்ளே இருக்கிற சாமான் அத்தனையும் விரிசல் விட்டுவிடும். நாலு ஊர் சுற்றிவிட்டு எங்களிடம் வந்திருக்கிறார்.

"பாப்பா, வூட்ல பெரியவங்க இல்லியா?"

"இல்ல."

"எப்ப வருவாங்க?"

"ஒங்களுக்குப் பெரியவங்க வேணுமா, வெறகு வேணுமா?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு வெளியே குவித்திருந்த விறகைப் பார்த்தார், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் தொங்கியதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. கொட்டகைத் தட்டியைத் தள்ளித் திறந்தேன். இரண்டு கட்டையை எடுத்து அவர் காதுக்குப் பக்கத்தில் தட்டினேன். வெண்கலம் மாதிரி டங்கென்றது.

மேஸ்திரி கட்டைகளை வாங்கித் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனார். எங்களுக்கு மூன்று நாள் அலைந்தாலும் வராத வண்டிக்கார மாமா, அரை மணியில் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

மேஸ்திரி வளைந்த கட்டையைத் தூக்கிப் பார்த்து, "என்னா இது, இப்பிடிக் கோணிக்கிட்டு இருக்குது?" என்றார்.

"கோணிக்கிட்டு இருந்தா எரியாதா?"

"இது இவ்ளோ நீளம் இருக்குதே, சூளை வாயில நுழையாதே."

"ரம்பம் வெச்சிருக்கீங்கல்ல, அறுத்துக்குங்க."

வண்டிக்கார மாமா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் மாடு காதைத் தூக்கியது. என்ன மரம் அது, எதற்காகக் கிடந்தது என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். சுமையேற்றிக்கொண்டே சொன்னார்:

"இத்தினி வருசமா வண்டி செய்யப்போறேன், வண்டி செய்யப்போறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தான் உங்கப்பன். கடைசியில அவன் வண்டி என் வண்டியில ஏறிப் போவுது பாரு."

நானும் சிரித்தேன். நன்றாக, வாய்விட்டுச் சிரித்தேன்.

கடைசியாக ஒரு உருண்டைக் கட்டை மிச்சம் இருந்தது. சக்கரத்தின் நடுவில் வைக்கிற குடத்துக்கானது. எங்கே எவ்வளவு குடைய வேண்டும் என்று அப்பா கரியால் அதன்மேல் வட்டம் போட்டு வைத்திருந்தார். அந்த வட்டத்தைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றது. இல்லை என்று சொல்ல மாட்டேன். மேஸ்திரி, "அதையும் போடு பாப்பா" என்றார். உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். அவர் கொடுத்த நோட்டுகளைப் பாவாடை முனையில் முடிந்துகொண்டு, வண்டி ரோட்டில் ஏறித் திரும்பும் வரைக்கும் இடுப்பில் கை வைத்து நின்றேன். பேங்க் மேனேஜருக்குச் சொன்னது இதுவரைக்கும்தான்.

பொழுது சாய அம்மா வந்தாள். கொட்டகையைப் பார்த்தாள்.

"ஏண்டி, கொட்டா காலியா இருக்குது?"

சொன்னேன். மேஸ்திரி கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். முடிச்சை அவிழ்த்து அவள் கையில் வைத்தேன். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. சேற்றுக் காலோடு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பன் வந்து கேட்டா நான் இன்னாடி சொல்றது?"

"வித்தாச்சின்னு சொல்லு. நீதான வெளிய தூக்கிப் போடு, தூக்கிப் போடுன்னு சொன்ன?"

"வெளிய போடுன்னேன். விக்கச் சொன்னனாடி?"

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் புலம்பியவள் இவள். காரியத்தை முடித்துக் கொடுத்தால் ஒப்பாரி வைக்கிறாள். அன்றைக்கு அவள் சோறாக்கவும் இல்லை, காலையில் மிஞ்சிய கூழைத்தான் குடித்தோம்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அப்பா வந்தார். தனியாக வரவில்லை. கூட ஓர் ஆசாரி, தோளில் இழைப்புளியும் உளியும் போட்ட சாக்குப்பை. வண்டி செய்வதில் பேர்போன கை அது என்று அப்பா அடிக்கடி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்லூரில் யாருக்கோ வேலை செய்துகொண்டிருந்தவரை, அது முடியும் வரைக்கும் வாசலிலேயே காத்துக் கிடந்து, மழையில் கூட்டி வந்திருக்கிறார். வரும்போதே அப்பாவின் குரல் ரோட்டிலிருந்து கேட்டது. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஒரு வெடிப்பு இருக்காது ஆசாரி. நீங்களே தட்டிப் பாருங்க."

தட்டி திறந்தே இருந்தது. அப்பா உள்ளே பார்த்தார். காலியான தரையில் கட்டைகள் கிடந்த தடம் மட்டும் வரிவரியாக இருந்தது. அம்மா வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடினேன்.

"அப்பா, நேத்து சூளை மேஸ்திரி வந்து..."

அப்பா என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், ஒரு பார்வை. பிறகு ஆசாரி பக்கம் திரும்பி, நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அட, மறந்தே பூட்டேன் ஆசாரி. போன வாரம் கையில ஒண்ணுமில்லன்னு நான்தான் சூளைக்கிப் போட்டுட்டேன்."

ஆசாரி பையைக் கீழே இறக்கினார்.

"மறந்துட்டியா? மூணு நாளா எங்கால சுத்திக்கிட்டு நின்னியே, அப்பல்லாம் நெனப்பு வரல? மழையில இத்தினி தூரம் நடக்கவெச்சிட்டு மறந்துட்டன்றியா? நீயெல்லாம் ஒரு ஆளாய்யா?"

"தப்புதான் ஆசாரி."

"வெறகு விக்கறவனுக்கு எதுக்குய்யா வண்டி? தலையில சொமந்துக்கிட்டுப் போ."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குக் கொதித்தது. நான் விற்றதை இவர் விற்றேன் என்கிறார். நேற்று நடந்ததைப் போன வாரம் என்கிறார். இத்தனை கெட்டிக்காரத்தனமாக நான் செய்த வியாபாரத்தை, ஊரே மெச்ச வேண்டியதை, வெளியூர் ஆள் முன்னால் தன் பேரில் எழுதிக்கொள்கிறார். "அவரு இல்ல, நான்தான்..." என்று வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

ஆசாரிக்கு இலை போட்டுச் சோறு போட்டார்கள். திட்டிக்கொண்டே சாப்பிட்டார். ரோடு வரைக்கும் அவர் பையை அப்பாவே சுமந்துகொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் நான் முன்னால் போய் நின்றேன்.

"நான்தான வித்தேன்? நீ வித்தேன்னு எதுக்குச் சொன்ன?"

"நீதான் வித்த" என்றார் அப்பா. சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டே, "மேஸ்திரி இன்னா சொன்னாரு?" என்றார்.

"ஒண்ணும் சொல்லல. தட்டிக் காட்டினேன். டங்குன்னு கேட்டுச்சி."

"கேக்கும்" என்றார்.

அதன் பிறகு அவர் ஒரு கட்டையைக்கூட ஒதுக்கி வைக்கவில்லை. வைரம் பாய்ந்ததோ நேராக வளர்ந்ததோ, எல்லாம் விறகாயிற்று. கொட்டகையில் விறகு நனையாமல் இருந்தது. அப்பாவைத் திருத்தியது நான்தான் என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எப்போதாவது நல்ல கருவேலம் ஒன்று வந்து விழும். அப்பா அதன் பட்டைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா நிற்பார், அப்புறம்தான் கோடாலியை ஓங்குவார். பிளந்த துண்டுகளை அடுக்கக் காத்திருக்கும் எனக்கு அப்போதும் எரிச்சல்தான் வரும், இந்த மனிதர் வேலை நேரத்தை எப்படி வீணாக்குகிறார் என்று.