நாலு மணிக் காய்ச்சல்

மூளையில் அடிபட்டவர்களுக்கு வரும் காய்ச்சலில் ஒரு வகை உண்டு. ரத்தம், சளி, சிறுநீர் எதைப் பரிசோதித்தாலும் கிருமி இருக்காது. உடம்பின் சூட்டைக் கட்டுக்குள் வைத்திருக்கும் இடமே மூளைக்குள் கெட்டுப்போயிருக்கும். பாராசிட்டமால் கொடுத்தால், கொடுத்தோம் என்ற திருப்தி நமக்குக் கிடைக்கும். நோயாளிக்கு ஒன்றும் கிடைக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நான் தலைமைச் செவிலியாக இருந்தேன். அப்போதுதான் அவரைக் கொண்டுவந்தார்கள். காணைப் பக்கம் சொந்த நிலத்தில் கரும்பு போடுகிறவர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. திண்டிவனத்தில் மனைவியின் தாய்வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லாரி இடித்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு நினைவே திரும்பவில்லை. அவருடைய அம்மாவுக்கு மருமகள்மேல் பழி போட இதுவே போதுமானதாக இருந்தது.

காலையெல்லாம் அவர் அசையாமல் கிடப்பார். நாலு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விடுவோம். மனைவி வந்து கட்டிலருகே நிற்பாள். சற்று நேரத்தில் அவர் முகம் சிவக்கும். நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றும். கைகள் விறைத்து உள்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். பற்கள் நறநறக்கும். திறந்திருந்தும் எதையும் பார்க்காத கண்கள் இன்னும் அகலும். மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறும், அதன் பின்னாலேயே காய்ச்சல் நூற்று நாலுக்குப் போகும். மார்பு கொதிக்கும்போது பாதங்களைத் தொட்டால் சில்லென்றிருக்கும். எல்லோரும் வெளியே போனபின் தானாகவே அடங்கிவிடும்.

அடிபட்ட மூளைக்கு ஒவ்வொரு டிகிரியும் இன்னொரு அடி. அதனால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணி வைப்போம், மின்விசிறியைத் திருப்புவோம். ஐஸ் தண்ணீர் கூடாது. நடுக்கம் வந்தால் சூடு இன்னும் ஏறும். அது வராமலிருக்கக் கையையும் காலையும் மட்டும் துணியால் சுற்றிவைப்போம். எல்லாம் செய்தோம். மறுநாள் நாலு மணிக்கு அது மறுபடியும் வந்தது.

"மூளையால வர்ற காய்ச்சல்" என்றார் பெரிய டாக்டர். மூளைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. பெரிய டாக்டரைக் கேள்வி கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. செவிலியர்கள் நாலு மணி நெருங்கினால் அந்தக் கட்டிலைத் தவிர்த்துச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். ஒருத்தி மானிட்டருக்கு விபூதி இட்டிருந்தாள். விதிகளில் அதற்குத் தடை எதுவும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

"இவ வந்து நின்னாத்தான் சிஸ்டர் அவனுக்குக் கொதிக்குது" என்றார் அம்மா. "இவள அனுப்பு அனுப்புன்னு உள்ளுக்குள்ள கத்திக்கினு கெடக்கிறான் எம்புள்ள. வெள்ளிக்கெழம திண்டிவனத்துல கொண்டுபோய் உட்டுடப் போறோம்."

அந்தப் பெண் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அவளை வராந்தாவிலேயே நிற்க வைத்தார்கள். அம்மாவோடு நானும் கட்டிலருகே நின்றேன். நாலு மணி தாண்டியது. அவர் கைகள் மெல்ல முறுக்க ஆரம்பித்தன.

"இப்ப என்னம்மா சொல்றீங்க?" என்றேன்.

"வராந்தாவுல நிக்கிறா இல்ல? அந்த வாடையே போதும்."

போர்வையை விலக்கினேன். குழாய் வழியாகச் சிறுநீர் வடியும் பை கட்டிலுக்குக் கீழே தொங்கவேண்டியது. அது படுக்கைமேல் இருந்தது. குழாய் அவர் தொடைக்கு அடியில் மடங்கி நசுங்கிக் கிடந்தது. அடிவயிறு கல்லாக இருந்தது. வார்டு ஆயாவைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பெரியம்மாதான் சிஸ்டர் சொன்னாங்க. நாலு பேரு வந்து போற நேரத்துல மூத்திரப் பை தொங்கினு இருந்தா மானம் போவுதாம். அதான் மதியமே தூக்கி உள்ள வெச்சிடுவேன். ஆளுங்க போனதும் எடுத்து மாட்டிடுவேன்."

குழாயை நிமிர்த்திப் பையைக் கீழே மாட்டினேன். சிறுநீர் பீறிட்டு இறங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாடித்துடிப்பு குறைந்தது, முறுக்கிய கைகள் அவிழ்ந்தன. நினைவுள்ளவன் என்றால் முட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பான். இந்த உடம்புக்குச் சொல்ல இந்த ஒரு வழிதான் இருந்தது.

"அப்ப அவ காரணம் இல்லியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. உங்க மானம்தான் காரணம்."

அம்மா என்னை முறைத்தார். ஆனால் மருமகளை அனுப்பவில்லை. அடுத்த நாள் அவள் வந்து நின்றபோது அவருக்கு வேர்க்கவில்லை, சிவக்கவில்லை. மானிட்டரில் எண்கள் அப்படியே இருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்போ நான் வர்றது அவருக்குத் தெரியவே இல்லியா சிஸ்டர்?"

அந்தக் கொதிப்பில் அவர் தன்னிடம் பேசுகிறார் என்றே அத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். "போகப்போகத் தெரியும்மா" என்றேன்.

மூன்று நான்கு நாள் அமைதியாகப் போயிற்று. பிறகு ஒரு மாலை மானிட்டர் மறுபடி கத்தியது. பை கீழேதான் தொங்கியது, ஆனால் காலியாக இருந்தது. அவள் குனிந்து, அவர் வாயருகே காதை வைத்திருந்தாள். பற்கள் நறநறத்தன. அவளுடைய வலது கை போர்வைக்குள் இருந்தது.

"பேசறாரு சிஸ்டர்" என்றாள், என்னைப் பார்க்காமலே.

கையைப் பிடித்து வெளியே எடுத்தேன். குழாயை மடக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. சத்தம் கேட்டு அம்மா உள்ளே வந்தார்.

"மறுபடியும் இன்னா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் அன்றைக்கே அவளை பஸ் ஏற்றிவிடுவார்கள்.

"குழாய் மடங்கிடுச்சும்மா. சரி பண்ணிட்டேன்" என்றேன்.

குழாயைப் போர்வைக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தையும் துணியையும் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். "சூடு இன்னும் இருக்கு. நீயே தொடச்சு விடு."

அவள் துணியை நனைத்துப் பிழிந்து கழுத்திலிருந்து துடைக்கத் தொடங்கினாள். நூற்று மூன்று, நூற்று இரண்டு என்று இறங்கியது. பற்களின் நறநறப்பு நின்றது. அகன்ற கண்கள் சுருங்கின. சூடு குறையக் குறைய அவர் முகத்திலிருந்து அவள் பேச்சாக நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. துணியை மறுபடி நனைத்தாள்.