மே மாதத்து மதுரை

மாசிக் குளிரில் நான் தங்கியிருந்த வட்டக்கானல் மலை விடுதியில், அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். ஸ்வெட்டருக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பார். இஸ்திரி போட்ட விரிப்பைக் கட்டிலில் விரிக்கும் முன், சூடு ஆறும்வரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்.

அன்று மதுரை நண்பர்களோடு வீடியோ காலில் இருந்தேன். கோடை விடுமுறைக்கு எங்கே போவது, யாருக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று ஒரே சத்தம். விரிப்போடு நின்ற அவரைத் திரையில் பார்த்த தோழி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, உங்களுக்குப் பிடிச்ச ஊர் எது?”

“மதுரதாங்க. அதுவும் மே மாசத்து மதுர.”

எல்லோரும் சிரித்தார்கள். “அந்த வெயிலுக்குப் பயந்துதானேக்கா அங்க ஓடி வர்றோம்!”

“நீங்க வர்ற மாசம் எங்களுக்குச் சோலி சரியா இருக்கும். லீவு கெடைச்சு எறங்கினா அங்கயும் மழ பெய்யுது. ஒரு நாளாவது வேர்க்க வேர்க்க நடக்கணும்ங்க.”

விரித்துவிட்டுப் போய்விட்டார்.

கோவா, மைசூர் என்று சுற்றி, கடைசியில் மறுபடி இங்கேதான் என்று முடிவானது. “மே மாசம் ரூம் இருக்கான்னு அந்த அக்காகிட்டயே கேளேன்” என்றாள் தோழி.

பக்கத்து அறையில்தான் இருந்தார். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.