இன்ஜின் மேடம் போட்ட கமாக்கள்

அலுவலகத்தில் அவளுக்கு இன்ஜின் மேடம் என்று பெயர். வேலையில் அப்படி ஒரு வேகம், அதனால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அடுத்தவர் எழுதுவதைக் கமா முதற்கொண்டு திருத்துவதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஆனால் அந்த நினைப்பை மட்டும் அவள் திருத்தியதில்லை. அதற்காக அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை மறந்துவிட்டாள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அது தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி. பம்போடு பெட்டியில் வைத்துத் தருகிற ஆங்கிலக் கையேடுகளை எழுதுவதற்கென்று இரண்டாவது மாடியில் ஒரு பிரிவு. அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது கமாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர் சொல்லிக்கொடுத்தது: படிக்கும்போது எங்கே மூச்சு வாங்குகிறீர்களோ அங்கே ஒரு கமா போடுங்கள். வகுப்பில் மற்றவர்களுக்கு அது ஓரளவு ஒத்துவந்தது. இவளுக்கோ சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கும், இரண்டு வார்த்தைக்கு ஒரு கமா விழும். டீச்சர் சொன்னதை அந்த வகுப்பிலேயே அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவள் இவள்தான்.

அவள் எழுதிய முதல் பக்கத்தை மேனேஜர் கூட்டத்தில் வைத்துச் சத்தமாகப் படித்தார். திருத்திக் கொடுத்திருக்கலாம், தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். படித்தார். ஒவ்வொரு கமாவிலும் நின்று, நெஞ்சில் கையை வைத்து, 'புஸ் புஸ்' என்று ஊதிக் காட்டினார்.

"யாரும்மா எழுதினது இது? கரி இன்ஜின் மலை ஏறுற மாதிரி இல்ல இருக்கு!"

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அவமானத்தில் அவளுக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. கைப்பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்தாள். அதைப் பார்த்துச் சிரிப்பு இரண்டு மடங்கானது. கண்ணில் நீர் வரச் சிரித்தவர்களில் மேனேஜர்தான் முதல் ஆள்.

அன்றிலிருந்து கமாவை அவள் படித்தாள். ஆசையால் இல்லை, ஆத்திரத்தால் படித்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டு, அடுப்படியில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு, பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்துக்கொண்டு. ஆங்கிலத்தில் கமாவுக்கும் மூச்சுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. 'தெருமுனையில் கடை வைத்திருக்கிற என் தம்பி' என்கிறோம். பல தம்பிகளில் எந்தத் தம்பி என்று காட்டத்தான் கடையைச் சொல்கிறோம் என்றால் ஆங்கிலத்தில் கமா கூடாது. இருப்பதே ஒரு தம்பிதான், கடை சும்மா கூடுதல் செய்தி என்றால் இரண்டு பக்கமும் கமா வேண்டும். படிப்பவர் எங்கே மூச்சு விடுகிறார் என்பது அவர் பாடு. இதெல்லாம் பிடிபடப் பிடிபட அவள் மளமளவென்று மேலே வந்தாள். கடைசிப் பார்வை அவளுடையது, அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் அச்சுக்குப் போகாது என்று ஆனது. மேனேஜர் மேடையில் படிக்கும் உரைகளைக்கூட அவளே எழுதினாள்.

இதில் கொடுமை என்னவென்றால், மனுஷனுக்கு எதுவும் ஞாபகமில்லை. ஒருநாள் காப்பி மெஷின் பக்கத்தில் நின்று, "உனக்கு யாரும்மா இன்ஜின்னு பேர் வச்சது? சரியான ஆளுதான். என்ன ஸ்பீடு!" என்று பாராட்டினார். 

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கொட்டினாள். அவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர், ஜன்னலோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அடிச்சவனே மறந்துட்டான்! நான் மட்டும் தடவிக்கிட்டே இருக்கணுமா?"

"விடும்மா. எத்தனை வருஷம் ஆச்சு."

"எப்படிங்க விடறது? ஒரு தடவையாவது அந்தாளுக்கு அது ஞாபகம் வரணும். எல்லார் முன்னாடியும் மூச்சு வாங்கணும். நாலு பேர் சிரிக்கணும். அப்பதான் என் மனசு ஆறும்."

"உன் கோபம் என் மேல இல்லைங்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி" என்று அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

மேனேஜர் ஓய்வு பெறுகிற சமயத்தில் லிப்ட் பழுதானது. இரண்டு மாடி ஏறிவந்து, சிகரெட்டில் வெந்துபோன நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து புஸ் புஸ்ஸென்று அவர் மூச்சு விடுவதை அவள் பார்த்தாள். பார்த்ததும் உச்சி குளிர்ந்துபோனது. அதே வாரம் அவர் வந்து கேட்டார்: "பிரிவு உபசாரத்துக்கு ஒரு ஸ்பீச் எழுதிக் குடும்மா. ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரியவங்க எல்லாம் வர்றாங்க. அசத்திடணும்."

அசத்திவிட்டாள். என்னோடு நின்ற என்னைத் தாங்கிய என்னை நம்பிய என்று ஆங்கில வாக்கியம் வாலாக நீண்டுகொண்டே போகும். இலக்கணப்படி எங்கேயும் ஒரு கமா போட இடமிருக்காது. முழுப் பக்கத்துக்கு நாலே நாலு முற்றுப்புள்ளி. மேனேஜர் மேடை ஏறினால் தாளில் இருப்பதை அப்படியே படிக்கிறவர், தலையை நிமிர்த்தவே மாட்டார். கமாவில் நிற்பார், புள்ளியில் நிற்பார், வேறெங்கும் நிற்க மாட்டார். அதுதான் கௌரவம் என்பது அவர் எண்ணம். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, கண்கொத்திப் பாம்பாக அந்தத் தாளைப் பார்த்தார். மனசுக்குள் படிப்பவனுக்கு மூச்சு எதற்கு? "ஒரு கமா குறை சொல்ல முடியாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

விழா அன்று மேடையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் தண்ணீரும் வைக்கச் சொன்னவள் அவளேதான். மானம் போனால் போதும், உயிர் போக வேண்டாம்.

அவர் படிக்க ஆரம்பித்தார். முதல் வாக்கியத்தின் பாதியிலேயே குரல் இழுத்தது. மைக்கில் விசில் மாதிரி மூச்சுச் சத்தம் கேட்டது. இரண்டாவது வாக்கியத்தில் நெஞ்சில் கை போனது. முன்வரிசையில் இருந்த அவள் சிரிப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த அக்கவுண்டன்ட் மூக்கை உறிஞ்சினார். "பாவம், துக்கம் தொண்டைய அடைக்குது" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அவர் திணறத் திணறக் கூட்டம் கண்ணைத் துடைத்தது. ஹெட் ஆபீஸ் பெரியவர் மேடை ஏறிக் கட்டியணைத்தார். இறங்கி வந்த மேனேஜர் நேராக அவளிடம் வந்து, "என்ன ஸ்பீச் எழுதியிருக்க! ஊரையே அழ வச்சுட்டியேம்மா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. புருஷன் ஜோக் எதுவும் சொல்லாமல் தட்டை எடுத்து வைத்துவிட்டார்.

மறுநாள் புது மேனேஜர் கூப்பிட்டு, கம்பெனிப் பத்திரிகையில் அந்த உரையைப் போட வேண்டும் என்றார். "உங்ககிட்டதான் டைப் பண்ணதே இருக்குமே?"

"இருக்கு சார். ஆனா பேசினபடியே போட்டா உணர்ச்சியா இருக்கும்."

"நல்ல ஐடியா, போடுங்க."

விழா வீடியோவை வாங்கி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் ஒரு கமா போட்டாள். இத்தனை வருஷமாக ஒரு தப்புக் கமாவையும் தாண்டவிடாத கை அது, முதல் சில கமாக்களைப் போட்ட வேகத்தில் அழித்தது. பிறகு பழகிவிட்டது. பக்கம் முழுக்க எறும்பு மொய்த்தது போல் ஆனது. மேலே 'மேடையில் பேசியபடியே' என்று போட்டாள். கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயரையும் போட்டாள். கேட்கிறவன் கேட்கட்டும்.

பத்திரிகை பழைய மேனேஜர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே போன் வந்தது.

"என்னம்மா இது? கண்ட இடத்துல எல்லாம் கமா! என் மாப்பிள்ளை சாப்பிடற இடத்துல வச்சுச் சத்தமா படிச்சுக் காட்டறாரு. ஒவ்வொரு கமாவுக்கும் புஸ் புஸ்னு ஊதறாரு. வீடே சிரிக்குது. என் சம்சாரம் உட்பட!"

"நீங்க மூச்சு வாங்கின இடம் சார் அதெல்லாம். நானா ஒண்ணும் சேர்க்கல."

 எதிர்ப்பக்கம் மூச்சு இழுப்பது கேட்டது. அந்த மூச்சு எப்படிப்பட்டது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

"கரி இன்ஜின்..." என்றார் மெதுவாக. "அந்த மீட்டிங். அந்தப் பொண்ணு... நீயா?"

"நான்தான் சார்."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதுக்காகவா என்றோ, இத்தனை வருஷமா என்றோ. வார்த்தை பாதியில் நிற்க, இளைப்புதான் முழுதாக வந்தது. அவள் அவசரப்படவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கடைசிவரை கேட்டாள்.

"மெதுவா மூச்சு விடுங்க சார்" என்றாள். "இங்க யாரும் சிரிக்கல."

போனை வைத்த பிறகு சிரித்தாள். கைப்பையைத் துழாவி இன்ஹேலரை எடுக்க வேண்டிவரும் வரைக்கும் சிரித்தாள்.