பேய் இல்லாத மலாய்ப் படம்

வெளிநாட்டுப் படக்குழுவுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நம்மைத்தான் பிடிப்பார்கள் என்பதை, இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? நான் கண்டியில் பிறந்த மலாய்க்காரி. வீட்டில் மலாய், பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் தமிழ். அதனால்தான் கோலாலம்பூரிலிருந்து அஸ்லினா என்ற இளம் இயக்குநர் என்னைத் தேடி வந்தார்.

இவ்வளவு நல்ல பங்களா

அவருடைய கதை எளிமையானது. இறந்துபோன தகப்பனுக்குக் கண்டியில் இன்னொரு குடும்பம் இருந்தது என்று தெரிந்து, ஒரு மலேசியப் பெண் அவர்களைத் தேடி வருகிறாள். நான் கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானை மலையில் ஒரு பழைய பங்களாவைக் காட்டினேன். அஸ்லினா அதை வீடியோ அழைப்பில் தயாரிப்பாளருக்குக் காட்டினார்.

மனிதர் துள்ளிக் குதித்தார். இப்போதெல்லாம் மலாய்ப் படம் என்றால் பேய், இல்லாவிட்டால் பொலிஸ் அடிதடி. மற்றதற்குத் தியேட்டரில் கதிரைதான் இருக்கும், ஆள் இருக்காது என்றார். மாடியில் ஒரு பேயையாவது வைத்தால் கேட்டதெல்லாம் கிடைக்கும், இல்லாவிட்டால் பாதிச் செலவுதான் தருவாராம். அஸ்லினா யோசிக்கவேயில்லை. "பாதியே போதும். பேய் வேண்டுமென்றால் நீங்களே வந்து மாடியில் நில்லுங்கள்."

சாச்சியின் மலாய்

கண்டிக் குடும்பத்துத் தாயாக நடிக்க என் சாச்சியை, சின்னம்மாவை, பிடித்தோம். அவர் வாயைத் திறந்ததும், தேடி வரும் பெண்ணாக நடித்த கோலாலம்பூர் நடிகை விழித்தாள். எங்கள் மலாயில் தமிழும் சிங்களமும் கலந்து கிடக்கும். சாச்சி பேசுகிற வேகத்தில் பாதி அவளுக்குப் புரியவில்லை. படத்தை வாங்கி இணையத்தில் வெளியிட யோசித்த நிறுவனத்திலிருந்து, ஒத்திகை வீடியோவைப் பார்த்த உடனே கடிதம் வந்தது: எல்லாரும் கோலாலம்பூர் மலாயே பேசட்டும், புரியாவிட்டால் பார்க்கிறவர்கள் வேறு படத்துக்குத் தாவிவிடுவார்கள்.

அஸ்லினா தயங்கி என்னைப் பார்த்தார். நான் சாச்சிக்கு விஷயத்தைச் சொன்னேன். சாச்சி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நாங்க பேசுறதும் மலாய்தானே மகள். கேக்கிறவங்க கொஞ்சம் காதக் குடுக்கட்டும்."

அஸ்லினா ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

வெயிலுக்குக் காத்திருந்த நாள்

செலவு பாதியானதால் படப்பிடிப்பு நாட்களும் பாதியாயின. மூன்றாம் நாள் காலையில் ஹந்தானை மழைக்குள் மறைந்துபோனது. கதைப்படி அந்தக் காட்சியில் நல்ல வெயில். கமராவைக் குடையால் மூடி, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு மத்தியானம் வரை நின்றோம். ஒரு நாள் போனால் படமே போய்விடும் என்று அஸ்லினாவின் முகம் கறுத்தது.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் காட்சிக்குத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வந்த செல்வராணி, தலையில் மழைக்குப் போர்த்திய படங்குச் சாக்கோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் முன்னால் வந்தார். "மழைன்னு நாங்க மலைக்குப் போகாம இருக்கோமா? கூடையத் தூக்கிட்டு நான் நடக்கிறேன், நீங்க எடுங்கம்மா."

எடுத்தோம். படத்திலேயே நல்ல காட்சி அதுதான்.

தெல்தோட்டைக் கல்யாண மண்டபம்

மலேசியாவில் படம் வெளிவந்து ஏழு நாள், ஒரு கிழமைகூட ஓடவில்லை. பெரிய வெளிநாட்டுப் படமொன்று வந்து தியேட்டர்களைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சோகம் ஆறுவதற்குள், எங்களுக்கு முச்சக்கர வண்டி ஓட்டிய நியாஸ் சந்தோஷமாக வந்தான். "தாத்தா, நம்மட படம் ஃபோன்ல வந்திருக்கு!" எங்களூர் முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். அது திருட்டுப் பிரதி என்று நான் கத்திய கத்தலில் பாவம், ஃபோனைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான்.

அஸ்லினாவுக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர், "படத்தோடு நானே வருகிறேன், பெரிய திரையில் போடுவோம்" என்றார். கண்டிக்குப் பக்கத்திலுள்ள தெல்தோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். தமிழ் வசனங்களைக் கீழே ஓடவிட நான் எழுதினேன். செய்த பாவத்துக்கு நியாஸ் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் கத்தினான். மண்டபம் நிறைந்துவிட்டது, பாதிப் பேர் ஏற்கெனவே ஃபோனில் பார்த்தவர்கள். மழைக் காட்சி முடிந்ததும் செல்வராணி எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "ஃபோன்ல பாத்தப்ப நான் எறும்பு மாதிரி இருந்தேன். இங்க பாருங்க, மலை கணக்கா நிக்கிறேன்!"

எல்லாம் கூடிவந்த பிறகுதான் படம் எடுப்போம் என்றிருந்தால், என்னைப் போன்றவர்கள் ஆயுள் முழுக்க இடம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.